பேர் ஒன்று, ஆள் வேறு

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கண்ணகி அக்காவிடம் திட்டு வாங்காத வக்கீல் எங்களில் கிடையாது. நான் கேஸ் நம்பரை மாற்றி எழுதிக்கொண்டு போனால், "அன்புச்செல்வன் சார், வக்கீலுக்குப் படிச்சீங்களா, கோட்டு மட்டும் தைச்சுக்கினீங்களா?" என்பார். எனக்குக் கோபம் வராது. தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும்.

போர்டில் ஜெராக்ஸ், டைப்பிங் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் வருவது வேறு காரியத்துக்கு. ஒருவர் மேல் வழக்கு உண்டா, கைதானாரா, முடிந்துவிட்டதா என்று கோர்ட் வெப்சைட்டில் தேடிச் சொல்வார். பேரை இங்கிலீஷில் அடிக்க வேண்டும், வம்பே அங்கேதான். கொளஞ்சியப்பன் என்ற ஒரே பேரை எங்கள் பக்கம் ஒன்பது விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பதையும் அடித்துப் பார்க்காமல் அக்கா எழுந்திருக்க மாட்டார்.

இந்தப் பொறுமை அடிபட்டு வந்தது. கடை போட்ட புதிதில் ஒரு பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை கொளஞ்சியப்பன் பேரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அடிதடி கேஸ் ஒன்று வந்தது. "இருக்கு" என்று சொல்லிவிட்டார் அக்கா. கல்யாணம் நின்றது. அப்புறம் பார்த்தால் அது சின்னசேலம் பக்கத்து வேறொரு கொளஞ்சியப்பன். அக்கா அந்தப் பையன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்; போன கல்யாணம் போனதுதான். அன்றிலிருந்து பேர், அப்பா பேர், வயசு, ஊர் நான்கும் பொருந்தி, எஃப்.ஐ.ஆர் நகலையும் கண்ணால் பார்த்தால்தான் வாயைத் திறப்பார்.

போன வருஷம் ஒரு காலையில் வேடியப்பன் என்ற பையன் தன் அம்மா ரங்கம்மாளோடு அந்தக் கடைக்கு வந்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்பு வெட்டப் போகும் குடும்பம். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாவற்றிலும் தேறிவிட்டான். கடைசி விசாரணையில், அவன் பேரில் சாராய ஊறல் வழக்கு நிலுவையில் இருப்பதாக வந்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் வேலை இல்லை.

"நான் சாராயத்தை மோந்துகூடப் பாத்ததில்லக்கா" என்று அழுதான். எருமை மாதிரி வளர்ந்த பிள்ளை அழுதால் பார்க்கச் சகிக்காது.

நகல் எடுக்கப் போயிருந்த நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா தேடினார். வழக்கு இருந்தது. 2006-ஆம் வருஷத்தது, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தலைமறைவு, வாரண்ட் அப்படியே நிற்கிறது. பையனுக்கு இப்போது இருபத்து நான்கு வயசு. நான் துள்ளினேன். "அப்போ இவனுக்கு அஞ்சு வயசு! இது போதுமே!"

"போதாது சார். வயச தப்பா எழுதிட்டாங்கனு சொல்லுவாங்க. அந்த ஊர்ல வேற வேடியப்பன் இருந்தா காட்டுன்னு கேப்பாங்க."

"வேற வேடியப்பன் யாரும் இல்லீங்க" என்றான் பையன். எனக்குத் துள்ளல் அடங்கிவிட்டது.

நகல் மனு போட்டு, ஆறாம் நாள் எஃப்.ஐ.ஆர் கைக்கு வந்தது. அக்கா அதைக் கடையிலேயே வாய்விட்டுப் படித்தார். ஊறல் பானைகளை உடைத்திருக்கிறார்கள். சுமார் முப்பத்தைந்து வயசு ஆள் கரும்புக்குள் ஓடிவிட்டான். 'வீட்டிலிருந்த பெண்ணை விசாரிக்க, ஓடியவர் தன் கணவர் என்றும், பெயர் வேடியப்பன் என்றும் கூறினார்.'

அதுவரை, இது தன் வீட்டு விஷயம் என்றே தெரியாமல் தரையில் குந்தியிருந்த ரங்கம்மாள் எழுந்தே விட்டார்.

"நான் அப்பிடிச் சொல்லலியே! வூட்டுக்காரரு பேரு இன்னான்னு அதட்டிக் கேட்டாங்க. வேடியப்பன் அப்பான்னுதான் சொன்னேன்."

கட்டினவர் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர். பிள்ளை பேரோடு சேர்த்து அவர் சொன்னதில், எழுதிய போலீஸ்காரர் காதில் முன்பாதி மட்டும் விழுந்திருக்கிறது. அப்புறம் பல தடவை ஊருக்குள் வந்து வேடியப்பனைத் தேடியிருக்கிறார்கள். ஐந்து வயசுப் பிள்ளை தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தால் ஆள் எங்கிருந்து கிடைக்கும்! அப்பாவும் பயந்து ஊறல் போடுவதை விட்டு, கூலி வேலைக்குப் போய், எட்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

"அவர் பேர் இன்னாம்மா?" என்றார் அக்கா.

ரங்கம்மாள் மகனைப் பார்த்தார். அவன்தான் சொன்னான்: "காசிநாதன்."

இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பையனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அக்கா ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடுக்கினார். நான் மனுப் போட்டேன். பதிமூன்றாம் நாள் மாஜிஸ்திரேட் ரங்கம்மாளைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்.

"அன்னைக்கு ஓடினது யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரருங்க."

"பேர்?"

 பேரைச் சொல்லப் பையன் பின்னாலிருந்து எழுந்தான். "நீங்க உக்காருங்க. சாட்சி அவங்க, அவங்கதான் சொல்லணும்" என்றார் மாஜிஸ்திரேட். சத்தம் போடவில்லை, காத்திருந்தார்.  முந்தானையை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார் ரங்கம்மாள். பிறகு தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார்.

"காசிநாதன்" என்றார். டைப்பிஸ்ட்டுக்குக் காதில் விழவில்லை. "காசிநாதனுங்க!" என்றார், கோர்ட் முழுக்கக் கேட்கும்படி.

எதிரி காசிநாதன் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று மறுநாள் உத்தரவு வந்தது. அக்காவே போய் நகலை வாங்கி, வரி வரியாகப் படித்து, பேரில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்தபின்தான் பையன் கையில் கொடுத்தார். கெடு முடியுமுன் வேலைக்கு எடுக்கும் ஆபீசில் கொடுக்க, அவன் அதை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸுக்கு ஓடினான்.

ரங்கம்மாள் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். முகம் சிவந்திருந்தது, புதுப்பெண் மாதிரி.

"அவுரு பேரு சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு, இல்லம்மா?" என்றார் அக்காவிடம்.