பின் சீட்டில் என் வீட்டுக்காரர்

வலிப்பு வந்த பிறகு இனி ஆட்டோ ஓட்டவே கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாகூர் ஸ்டாண்டில் காலமெல்லாம் ஓட்டியவர். அதற்குப் பிறகு ஞாபகமும் நழுவத் தொடங்கியது. சாப்பிட்டதை மறப்பார்; மகன் ஓசூரில் வேலை செய்வதை மறப்பார். ஆட்டோவை மட்டும் மறக்கவில்லை. விடிந்ததும் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சாவி கேட்பார். கொடுக்காவிட்டால் அன்று முழுக்கச் சண்டை.

"வித்துடும்மா. கண்ணு முன்னாடி நிக்கிறதாலதான் இவ்ளோ தொல்லை," என்றான் மகன் போனில்.

"விக்க வாணாம்டா. நான் ஓட்டுறேன்."

வாயில் அப்படி வந்துவிட்டது. நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்தது.

அவருடைய பழைய கூட்டாளி, மெக்கானிக், ஏரிக்கரைப் பக்கம் வண்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தார். சொல்லிக்கொடுத்தது அவர் அல்ல. பின் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர்தான் கத்தினார்.

"கிளட்ச்ச சட்டுனு வுடாதடி! மெதுவா, மெதுவா!"

வண்டி எகிறி, நேராகப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றது. கண்ணாடி முழுக்கத் தோகை. எனக்கு அழுகை முட்டியது. பின்னால் பார்த்தால் மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

லைசென்ஸுக்கு எட்டு போடச் சொன்னபோது வரிசையில் நின்ற பையன்கள் செல்போனை எடுத்துக்கொண்டார்கள், கிழவி வண்டியைக் கவிழ்ப்பதைப் படம் பிடிக்க. நான் ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. "பாஸும்மா," என்றார் ஆபீசர்.

என் வீட்டுக்காரர் விழாமல் இருக்க மெக்கானிக் பின் சீட்டுக்குப் பெல்ட் வைத்து, ரெண்டு பக்கமும் கம்பிக் கதவும் போட்டுக்கொடுத்தார். அந்த மாசம் ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டினதும் கண்ணாடியில் அவர் கழுத்து ஒரு பக்கம் இழுப்பது தெரிந்தது. ஓரங்கட்டினேன். பெல்ட்டைக் கழற்றி, சீட்டிலேயே ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தினேன். யாரோ சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"இரும்பெல்லாம் வாணாம்பா. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

கூட்டம் தள்ளி நின்றது. சீக்கிரமே உடம்பு தளர்ந்து, மூச்சு சீரானது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கண்ணைத் திறந்தவர், "இன்னா, வண்டி நின்னுபோச்சா?" என்றார்.

"நான்தான் நிறுத்துனேன்."

இதற்கு முன்பெல்லாம் ஊரைக் கூட்டி, யாராவது வண்டி கொண்டுவரமாட்டார்களா என்று அழுதவள் நான். அன்று நானே டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மாத்திரையை மாற்றிக்கொடுத்து, "வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

திரும்பும்போது வில்லியனூரில் டீக்கு நிறுத்தினேன். அவர் நன்றாகத் தெளிந்திருந்தார். கையில் பையோடு ஒரு பெண் என்னிடம் வந்து, "பாகூரு போவுமாக்கா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சீட்டில் நகர்ந்து இடம் விட்டார். "போவும், போவும். ஏறும்மா!"

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் ஹாரனை ஒரு தரம் நல்லா அழுத்தி வண்டியை எடுத்தேன்.