அம்முகிரி

டிபன் கடை வைத்திருக்கிறவர்களே, இதுவரை யாரும் சமைக்காத பண்டத்தை உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? லேக் மார்க்கெட் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிற இட்லிக் கடையில் இது அன்றாடக் கூத்து. போனில் ஒரு படம் வந்தால் போதும், மறுநாள் காலையில் அதற்கு ஒரு பேர் பிறந்து, பசியோடு வந்து நிற்கும்.

மேக இட்லி

மௌ என்று ஒரு கல்லூரிப் பெண், தினமும் வருகிறவள். இங்கே எல்லோரையும் போல அவளும் என்னை "பௌதி" என்பாள், வங்காளியில் அண்ணி என்று அர்த்தம். ஒருநாள் வந்து, "மேக இட்லி ஒரு பிளேட்" என்றாள். எனக்குத் திக்கென்றது. எதிர்க் கடையில் என்னமோ புதுசாகப் போட்டுவிட்டார்கள், நம்ம பிழைப்பு போச்சு என்று நினைத்தேன். அவள் போனைக் காட்டினாள். நீலத் தட்டில் வெள்ளை வெளேரென்று இட்லி. தட்டின் ஓரம் உடைந்திருந்தது. எங்கள் தட்டேதான்.

"இது நம்ம சாதா இட்லிதானே?" என்றேன்.

"படம் போடுற வரைக்கும்தான் பௌதி அது சாதா இட்லி."

உப்பின கன்னம்

அந்தப் பேரால் கூட்டம் கூடியதால் நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்து என் மகள் மாட்டினாள். பேர் அமுதா, வீட்டில் அம்மு, நாலு வயசு. இன்னொரு வடை கிடையாது என்றதற்கு, கையைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு மாவு டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மௌ படம் எடுத்தாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அவள் அடியில் "அம்மு" என்று எழுதிப் போட்டாள். அது ஸ்டிக்கராகி ஆபீஸ் குரூப்பெல்லாம் சுற்ற ஆரம்பித்தது.

காபி குடிக்க வருகிற தத்தா பாபு, பக்கத்தில் இருந்தவரிடம், "மேனேஜர் காலையிலேருந்து ஒரே அம்முகிரி" என்றார், தாதாகிரி என்கிற மாதிரி. அம்மு யார் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். அவள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"யாரா? உம்முன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறதுக்குப் பேர்தானே அது?"

அழித்த பிறகு

அது அம்முவைப் பவானிபூரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய நேரம். பிள்ளைக்கு முன்னால் அவள் பேர் அங்கே போய் உட்கார்ந்திருந்தால்? "அங்கே அவ அமுதா. யாருக்குத் தெரியப்போகுது? நீ சும்மா அம்முகிரி பண்ணாதே" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மௌவிடம் கெஞ்சினேன். பாவம், நான் சொல்லி முடிப்பதற்குள் படத்தை அழித்துவிட்டாள். அப்புறமும் அங்கேயே நின்றாள்.

"படத்தை எடுத்துட்டேன் பௌதி. ஜனங்க வாயிலேருந்து எப்படி எடுக்கறது?"

பள்ளிக்கூட வாசல்

முதல் நாள் அமுதா அழவே இல்லை. பக்கத்தில் ஒரு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் உள்ளே போக மாட்டேன் என்றாள். "அம்முகிரி பண்ணக் கூடாது, போ" என்றாள் அந்த அம்மா. எங்களை அவளுக்கு யாரென்றே தெரியாது. அமுதா அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அம்மு, டாட்டா" என்று சொல்ல நான் வாயெடுத்ததுதான் தாமதம், ஓடி வந்து என்னைக் குனிய வைத்துக் காதில் சொன்னாள்.

"அம்மா, இங்க என்னை அமுதான்னு மட்டும் கூப்பிடு."

ஊரே தாராளமாகச் சொல்கிற பேரைப் பெத்தவள் நான் இப்போது அக்கம்பக்கம் பார்த்துத்தான் சொல்கிறேன், அதனால் கடை வைத்திருக்கிறவர்களே, உங்கள் பிள்ளை உம்மென்று இருக்கும்போது யாராவது போனைத் தூக்கினால் தயவுசெய்து குறுக்கே போய் நின்றுகொள்ளுங்கள்.