படம் மட்டும் தெரிந்த பெட்டி

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு, அந்தந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களே எட்டிப் பார்க்காத இடங்களெல்லாம் தெரிந்திருக்கும். மொட்டை மாடியில் மோட்டார் அறை, கார்கள் நிற்கும் அடித்தளத்தில் வெளிச்சம் எட்டாத மூலை, மாடிப்படிக்குக் கீழே சாவி தொலைந்துபோன சின்ன அறை. வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்காமலும் தூக்கிப்போட மனம் வராமலும் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகும் சாமான்கள் அங்கேதான் கிடக்கும். நான் சொல்ல வந்த மனிதருக்கு முதல் ரேடியோ கிடைத்தது அப்படி ஒரு மாடிப்படிக்குக் கீழேதான். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே, முன்கண்ணாடி விரிசல் விட்டு, முதுகுப்பக்கம் பல்லி முட்டையோடு உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டார். "எடுத்துட்டுப் போங்க சார், எனக்கு இடமாவது காலியாகும்" என்றார் வாட்ச்மேன்.

அவரைக் கம்பெனியில் பாம்புக்காது என்பார்கள். கீழே நின்றபடி ஒரு தடவை லிஃப்ட் ஏறி இறங்குவதைக் கேட்டால் போதும், மேலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதற்கு யோசிப்பார். பாம்புக்காது என்றால் உடனே திரும்புவார்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் அவளுடைய அறை ரேடியோ அறையாயிற்று. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, அப்புறம் எண்ணுவதை அவரே விட்டுவிட்டார். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் மரப்பெட்டி எது வந்தாலும் உடைக்காமல் இவருக்காக எடுத்து வைப்பார். விடுமுறை நாளில் காலை டிபன் முடிந்ததும் இவர் அறைக்குள் போய்விடுவார். முதுகுப் பலகையைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, வயர்களை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். எலி கடித்தது எது, தானாக எரிந்தது எது என்று வாசனையிலேயே தெரியும் என்பார். ஊதிப்போன கெபாசிட்டர்களை மாற்றி, முள்ளை நகர்த்தும் நூல் அறுந்திருந்தால் புது நூல் கோத்து, கடைசியில் கரண்ட் ஒரேயடியாகப் பாயாதபடி ஒரு குண்டு பல்பை நடுவில் இணைத்து மெதுவாகக் கரண்ட் கொடுப்பார். வால்வுகள் சூடாகிச் சிவக்கும். முதலில் உறுமல், பிறகு கரகரப்பு, பிறகு எங்கிருந்தோ ஒரு மனிதக்குரல்.

அந்தக் குரல் வந்ததும் மனைவியைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் வரமாட்டாள், ஓடிப்போய்க் கையைப் பிடித்துத்தான் இழுத்துவர வேண்டும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ரேடியோவின் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள்.

"நல்லாக் கேக்குதே" என்பாள்.

எந்த ரேடியோவுக்கும் அதே வார்த்தைதான். அவருக்குச் சப்பென்று ஆகிவிடும். "எங்க வீட்டம்மாவுக்கு ஓட்டை ரேடியோவும் ஒண்ணுதான், ஒசத்தி ரேடியோவும் ஒண்ணுதான்" என்று சாமான் கடைக்காரரிடம் சொல்வார். "விடுங்கண்ணே, திட்டாம இருக்காங்களே, அதுவே பெருசு" என்று அவர் சிரிப்பார்.

டெலிவிஷன் பெட்டிகள் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இடத்தை அடைக்கும், அணைத்து வெகுநேரம் ஆனபிறகும் உள்ளே கை வைத்தால் ஷாக் அடித்துத் தூக்கிப்போடும். ஆனாலும் ஒரு தடவை, இடிக்கப்போகிற கட்டடம் ஒன்றில் லிஃப்டைக் கழற்றப் போனவர், நான்கு கால்களும் இழுத்து மூடும் மரக்கதவும் உள்ள கறுப்பு வெள்ளை டெலிவிஷன் ஒன்றைப் பார்த்ததும், அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். மினி லாரியில் ஏற்றி, வீட்டுப் படிகளில் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, திருப்பத்தில் சுவரைப் பெயர்த்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அதோடு மல்லுக்கட்டினார். இந்தக் காலத்து அலைவரிசையைப் பழைய பெட்டிக்குப் புரியும்படி மாற்றித்தர ஒரு சின்ன டப்பாவையும் சேர்த்தார். படம் வந்தது, பளிச்சென்று வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. சத்தத்துக்கான டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே கரியாகியிருந்தது. அதே மாதிரி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் மதியம் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மனைவி அந்தப் பெட்டிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் யாரோ யாரிடமோ அழுதுகொண்டிருந்தார்கள். சத்தம் துளிகூட இல்லை. இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது, இவர் செருப்பைக் கழற்றியது எதற்கும் அவள் திரும்பவில்லை.

அவர் முன்னால் வந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "சத்தமே இல்லாம என்னத்தப் பாத்து அழற?"

"படம்தான் தெரியுதே. போதும்" என்றாள்.

அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பார்த்தார். யார் யாருக்கு என்ன உறவு என்று அவளே விளக்கமாகச் சொன்னாள். எல்லாம் அவளே இட்டுக்கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் கம்பெனியில் இந்தக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய ரேடியோ வந்தது. வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்த வகை அது. ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததும் பச்சை வெளிச்சத்தில் கண் மாதிரி ஒன்று மூடிக்கொள்ளும். ஸ்பீக்கர் கிழிந்திருந்தது, இரண்டு வால்வுகள் செத்திருந்தன. டெலிவிஷனுக்குள் இருந்த ஸ்பீக்கரும் வால்வுகளும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தின. அவர் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

கூடத்தில் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"இத எதுக்குங்க பிரிக்கிறீங்க? ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஊமைப் பெட்டிய வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார், தலையைப் பெட்டிக்குள் விட்டபடியே. அவள் இன்னொரு தடவை கேட்டாள். அவர் அதே பதிலை, அதேபோலத் தலையைத் தூக்காமல், எரிச்சலோடு சொன்னார். அவள் பெட்டிமேல் போட்டு வைத்திருந்த பூப்போட்ட துணியை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிச்சம் மீதி சாமான் கடைக்குப் போயிற்று. திரைக்குழாயை யாரோ கண்ணாடிக்காக உடைத்தார்கள்.

பெரிய ரேடியோவுக்கு ஒரு கோளாறு இருந்தது. நன்றாகப் பாடிக்கொண்டே இருக்கும், சூடு ஏறியதும் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். எப்போது நிற்கிறது என்று தெரிந்தால் காரணத்தைப் பிடித்துவிடலாம். ஒருநாள் முற்பகல் ஈயக்கம்பி தீர்ந்துபோய்க் கடைக்குக் கிளம்பினார். மனைவியை ரேடியோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நின்னுச்சுன்னா மணியப் பாத்து வை. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவள் தலையணை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சரி என்று தலையாட்டினாள்.

திரும்பி வந்து படியேறும்போதே வீடு அமைதியாக இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அறைக்குள் வந்தார். பச்சைக் கண் எரிந்துகொண்டிருந்தது, மஞ்சள் வெளிச்சமும் இருந்தது, சத்தம் இல்லை. அவள் முன்னால் போய்க் கேட்டார்.

"எப்ப நின்னுச்சு?"

அவள் பச்சைக் கண்ணைப் பார்த்தாள். "நிக்கலையே. நல்லாக் கேக்குதே."

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தார். ஆனால் அவள் விளையாடுகிற முகத்தோடு இல்லை. அவர் அவளுக்குப் பின்னால் போனார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். மேஜையிலிருந்த பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரையில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கே கேட்டிருக்கும். அவள் அடுத்த பொத்தானைத் துணியில் வைத்துச் சரிபார்த்தாள்.

கட்டிலே இல்லாத மகளின் அறையில் உட்கார இடம் தேடி, கடைசியில் அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்ததை மடியில் வைத்தாள்.

"ரேடியோ நின்னுபோச்சா?"

அவர் தலையாட்டினார். "எப்பருந்து உனக்கு இப்படி?"

"தெரியல. திடீர்னா வந்துச்சு? கொஞ்சம் கொஞ்சமா. மொதல்ல குக்கர் விசில். அப்புறம் காலிங் பெல். நேரா நின்னு பேசினா உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேனே. கவனமாக் கேட்டா எல்லாம் கேக்கும்னீங்க."

அவருக்கு அது நினைவே இல்லை. சொல்லியிருப்பார் என்று மட்டும் தெரிந்தது. அது அவருடைய வார்த்தைதான்.

"மறுபடி சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கொஞ்சநேரம் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "நீங்க என்னைத் தேடி வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதே இதுக்கு மட்டுந்தான். காது கேக்கலன்னு சொல்லிட்டா அப்புறம் எதுக்குக் கூப்பிடுவீங்க?"

காது டாக்டர் அதிகம் பேசவில்லை. நரம்புக் கோளாறு, ஒரு காது போய்விட்டது, இன்னொன்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா காது மெஷின் நல்லாப் பழகியிருக்கும். சத்தத்தப் புரிஞ்சுக்கறதையே மூளை மறந்துபோச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் குறை சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'முன்னாடியே' பாம்புக்காதுக்காரரை வீடுவரை விடாமல் துரத்தியது.

காதில் மெஷின் வந்தது. முதல்நாள் ஆசையாகப் பெரிய ரேடியோவைப் போட்டுக் காட்டினார். அவள் முகம் சுருங்கியது. தகரத்தைச் சுவரில் தேய்க்கிற மாதிரி இருந்ததாம். அதைப் பிறகுதான் சொன்னாள். அந்த நேரத்தில் சொன்னது "நல்லாக் கேக்குதே" என்பதைத்தான். அவர் ஓடிப்போய் ரேடியோவை அணைத்தார்.

பேசுவதெல்லாம் கீழே எழுத்தாக ஓடுகிற வசதியோடு புது டிவி ஒன்று வாங்கி வைத்தார். அவள் பார்த்தாள், ஆனால் பழையபடி காலை நீட்டி உட்காரவில்லை. "பிடிக்கலையா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பெட்டியில யாருக்கும் எதுவும் கேக்காது. உங்களுக்கும் கேக்கல, எனக்கும் கேக்கல. அன்னிக்கு நீங்க பக்கத்துல உக்காந்தப்ப நான்தான் உங்களுக்குக் கதை சொன்னேன்."

மறுநாளே அவர் சாமான் கடைக்குப் போனார். நாலு கால், மரக்கதவு, கறுப்பு வெள்ளை. "நீங்களே பிரிச்சுக் குடுத்ததுதானேண்ணே, இப்ப யார்கிட்ட இருக்கு அது?" என்றார் கடைக்காரர். லிஃப்ட் வேலைக்குப் போகிற இடமெல்லாம் வாட்ச்மேன்களிடம் சொல்லி வைத்தார். கிடைத்தவற்றில் திரைக்குழாய் உயிரோடு இருந்தது ஒன்றுகூட இல்லை. சும்மா பெட்டியாக ஒன்றைக் கொண்டுவரட்டுமா என்று கடைக்காரர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரேடியோக்களை அவர் தூக்கிப்போடவில்லை. அவள் தூக்கிப்போடவும் விடமாட்டாள். ஆனால் முதுகுப் பலகையைத் திறந்தால் பாதியிலேயே மூடிவிடுவார்.

மகளிடம் சொல்லும் வேலை பாக்கி இருந்தது. அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டவள். அம்மா முதலில் மறுத்து, பிறகு சம்மதித்து, மணமேடையில் பக்கத்திலேயே நின்றவள்தான். ஆனால் மகள் வாராவாரம் போன் செய்யும்போது, "நல்லா இருக்கியா? அப்பாகிட்ட பேசு" என்று உடனே கொடுத்துவிடுவாள். போனில் உதடு தெரியாதே. "அம்மாவுக்கு இன்னும் கோவமாப்பா?" என்று மகள் கேட்பாள். "அவ அழுத்தக்காரி. போகப் போகச் சரியாயிடும்" என்பார் இவர். மகள் அதை நம்பினாள். போன் வருவது குறைந்தது. ஊருக்கு வருவதும் குறைந்தது.

வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து மகளை அழைத்து விஷயத்தைச் சொன்னார். "அப்பா, நீங்க பக்கத்துலயே இருந்தீங்களேப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே வந்தாள். அம்மாவும் மகளும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மகள் படபடவென்று பேசுகிறவள். அழுதுகொண்டே பேசியதில் உதடு நெளிந்து அம்மாவுக்குப் பாதி பிடிபடவில்லை. "என்னங்க, என்ன சொல்றா?" என்று இவரைப் பார்த்தாள். இவர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். சொல்லக் கூச்சமாக இருந்தது. "உனக்கு என்மேல கோவம்னு நெனச்சு நான் எத்தனை தடவ அழுதேன்னு சொல்றா" என்றார். மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவமா? நீ என்ன கேக்கறேன்னே தெரியாம, தப்பா ஏதாவது சொல்லி வச்சிடுவேனோன்னு பயந்தேன்டி" என்றாள். மூவரும் சாப்பிட வெகுநேரம் ஆயிற்று.

ஊருக்குக் கிளம்பிய மகளை வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். குளிர்சாதனப் பஸ், ஜன்னல் திறக்காது. வண்டி பின்வாங்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மகள் ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தைத் தவிர அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் திரும்பிப் போயிற்று.

"என்ன சொன்னா?" என்று மனைவியின் முன்னால் வந்து கேட்டார்.

அவள் சற்று யோசித்தாள். "மறுபடி வரேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. மறக்க முடியலைன்னும் இருக்கலாம். ரெண்டுக்கும் ஆரம்பம் ஒண்ணுதான், மிச்சம் உதட்டுல சரியாத் தெரியல."

போன் செய்து கேட்டுவிடலாமா என்று அவர் சட்டைப்பையில் கை வைத்தார். பிறகு எடுக்கவில்லை. தன் உதடு அவளுக்குத் தெரியும்படி, தெருவிளக்கு வெளிச்சம் இருக்கும் பக்கமாக அவளை நடக்கவிட்டு, தெருவோரமாகவே அவளோடு வீட்டுக்கு நடந்தார்.