வைப்பதும் ஊன்றுவதும்

நான் நின்றபடியேதான் விழுந்தேன். மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு இறங்கும்போது ஏணியின் கால் ஈரத் தரையில் வழுக்கியது. ஏணியோடு சேர்ந்து சாய்வதைவிடக் குதித்துவிடுவது மேல் என்று அந்த அரை நொடியில் தோன்றியது. குதித்தேன். இரண்டு காலிலும் நேராக நின்றேன். கீழே துணி அலசிக்கொண்டிருந்த என் மனைவி தேவகி ஓடி வந்து, "நல்லவேள, தல தப்பிச்சிது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓர் அடி எடுத்து வைத்தபோதுதான் இடது குதிகாலுக்குக் கீழே தரையே இல்லாதது போலிருந்தது. அதை வலி என்று சொல்ல முடியாது. வலி பிறகு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்துக்குள் கணுக்கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்குப் பாதம் வீங்கிவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது குதிகால் உடைந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தைரியம் சொல்லும் அளவுக்கு என்னிடம் தைரியம் மீதமில்லை. நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

நான் பஸ் கண்டக்டர். செஞ்சியிலிருந்து அனந்தபுரம், பனமலை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறேன். டிரைவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை, எனக்கு நின்று செய்யும் வேலை. ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் சில்லறை, வாயில் விசில். கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமிருக்காது. திருப்பம் வந்தால் உடம்பைத் தாங்குவது குதிகால்தான். எந்த ஊர் தாண்டி வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று என் கால்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது, யோசித்ததே இல்லை.

செஞ்சியில் எக்ஸ்ரே எடுத்து, காலுக்குத் தாங்கலாக மாவுக்கட்டு போட்டு, விழுப்புரத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எலும்பு டாக்டர் என் காலைத் தொடுவதற்கு முன்னால் முதுகைத் தட்டிப் பார்த்தார். "இங்க வலிக்குதா? இங்க?" குதிகாலில் விழுகிறவர்களுக்கு அதே அடி முதுகெலும்புவரை ஏறி, அங்கேயும் உடைவதுண்டாம். எனக்கு ஏறவில்லை. எல்லாவற்றையும் அந்த ஒரு குதிகாலே வாங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் படத்தைக் காட்டினார். உடைந்திருந்தது கால்கேனியம் (குதிகால் எலும்பு). அவித்த முட்டையைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அமுக்கினால் எப்படி ஓடு நொறுங்கி உட்காருமோ அப்படி இருந்தது.

"பழைய முறையில பக்கவாட்டுல பெரிசா கிழிச்சு, தோலைத் தூக்கி, பிளேட் வெப்போம். உங்களுக்கு சுகர் இருக்கு. அங்க தோல் ரொம்ப மெல்லிசு. புண்ணு ஆறலைன்னா காலுக்கே ஆபத்து. அதனால சின்ன ஓட்டை போட்டு, கம்பி விட்டு எலும்பைத் தூக்கி, ஸ்க்ரூ போட்டுடலாம். நாலே ஓட்டை."

"நாலே ஓட்டை" என்றதில் நான் அந்த "லே"யைப் பிடித்துக்கொண்டேன். வீங்கிய இடம் இறுகிப்போவதற்குள் செய்தால்தான் துண்டுகள் நகர்ந்து கொடுக்கும் என்று இரண்டாம் நாளே தேதி கொடுத்தார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: எனக்கு முதுகில் ஸ்பைனல் ஊசி (இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது) போட்டார்கள். நினைவு இருந்தது. பக்கத்தில் சி-ஆர்ம் (ஓட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை அப்போதைக்கப்போது திரையில் காட்டும் எக்ஸ்ரே இயந்திரம்). என் எலும்பை நானே சாம்பல் நிறத்தில் பார்த்தேன். ஒரு கம்பி உள்ளே போய், உட்கார்ந்துபோன துண்டை நெம்பித் தூக்கியது. "இன்னும் கொஞ்சம். இன்னும். நிறுத்து" என்றார் டாக்டர். என் வாய் தானாக விசில் அடிக்கப் பார்த்தது.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கட்டுப் பிரித்தபோது பார்த்தேன். நாலு புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தையல். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். என் வண்டி டிரைவர் ஏழுமலை அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா கண்டக்டரே, தடுப்பூசி போட்டமாரி இருக்குது. இதுக்கா மூணு மாசம் லீவு?" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு நானும் அந்தப் புள்ளிகளைப் பார்த்து அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

சின்னக் காயம் பெரிய ஏமாற்றுக்காரன். பெரிய தையல் இருந்தால் அதைப் பார்த்தாவது பயந்திருப்பேன். உள்ளே எலும்பு நொறுங்கித்தான் கிடந்தது, வெளியே வாசல் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம். இதை இப்போது இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அப்போது இது என் மண்டையில் ஏறவில்லை.

படுத்திருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றும் செய்யாமலே மதியத்துக்குள் களைத்துவிடுவேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதால் டியூட்டி விசிலை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு விசில் அடித்தால் தண்ணீர், இரண்டு அடித்தால் வாக்கர். முதல் நாள் தேவகிக்குச் சிரிப்பு வந்தது. நாலாம் நாள் சமையலறையிலிருந்து, "நான் இன்னா உன் டிரைவரா? அங்க அங்கன்வாடியில பகலெல்லாம் புள்ளிங்கள தூக்குறேன், இங்க வந்தா உன்ன தூக்குறேன். வாய தொறந்து கூப்புடு" என்று சத்தம் வந்தது. கோபம் வந்தால்தான் அவள் என்னை ஒருமையில் பேசுவாள். வாக்கரை மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

ஐந்தாவது வாரம் விழுப்புரம் போனபோது டாக்டர், "இனிமே காலைத் தரையில வெக்கலாம். ஊனக் கூடாது" என்றார்.

என் தப்பு இங்கேதான் ஆரம்பம். பத்தொன்பது வருடமாக நான் படிக்கட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "கால வைம்மா, கால வை." வை என்றால் எனக்கு ஏறு என்று அர்த்தம். வைத்த காலில்தானே ஏற முடியும்? அதனால் டாக்டர் சொன்ன முதல் பாதி என் காதில் விழுந்தது, இரண்டாம் பாதி ஏதோ எச்சரிக்கைக்குச் சொன்னதாகப் போய்விட்டது.

"ஊனக் கூடாதுன்னாரு" என்றாள் தேவகி, திரும்பி வரும் வழியில்.

"வெக்கலாம்னாரு. வெச்சா ஊனாம எப்பிடி?"

"வெக்கிறதுன்னா செருப்பு மேல கால வெச்சிக்னு ஒக்கார்றமாரி. ஊனுறதுன்னா ஒடம்ப குடுக்கிறது. இது கூடவா தெரியாது?"

எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், தேவகி வேலைக்குப் போன பிறகு, கேஸ் சிலிண்டர்க்காரர் கதவைத் தட்டினார். வாக்கர் கைக்கு எட்டாமல் சுவர் ஓரம் இருந்தது. கட்டிலிலிருந்து கதவுக்கு ஆறு அடி எடுத்து வைத்தால் போதும். எழுந்தேன், நடந்தேன், திறந்தேன். வலிக்கவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். சிலிண்டர்க்காரர் என்னைப் பார்த்துப் பயந்து, "இன்னா சார் ஆச்சு?" என்று கேட்டார்.

மறுநாளும் நடந்தேன். அதற்கு மறுநாளும். பத்து நாள் காலையில் யாரும் இல்லாத நேரத்தில் கூடத்தில் நடந்து பழகினேன். ஒரு நாள் தேவகி முன்னால் நடந்து காட்டி அசத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். வலிக்காததற்குக் காரணம் எலும்பு கூடியது அல்ல, சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியை மழுங்கடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அடுத்த முறை எக்ஸ்ரே எடுத்தபோது டாக்டர் திட்டவில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் நகர்ந்திருந்தது. தூக்கி வைத்த துண்டு கொஞ்சம் இறங்கியிருந்தது. தேவகி இரண்டு படத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளு?"

"பத்து."

"மறுபடி ஆபரேஷன் வேணாம். ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார் டாக்டர். கணுக்காலுக்குக் கீழே சப்டேலார் மூட்டு (பாதத்தை இடமும் வலமும் சாய்க்கும் மூட்டு) என்று ஒன்று இருக்கிறது. துண்டு இறங்கியது அந்த மூட்டின் தளத்தில். "மேல கீழ ஆடும். சைடுல ஆடறது ரொம்பக் கம்மியாயிடும். சமதரையில நல்லா நடப்பீங்க. மேடு பள்ளம், சரிவு கஷ்டம். கோட்டையெல்லாம் ஏறுவீங்களா?"

"செஞ்சியில இருக்கறவங்க யாரு சார் கோட்ட ஏறுறாங்க?" என்றேன். அவர் சிரித்தார். பிறகுதான் கேட்டேன். "ஓடுற பஸ்ல நிக்க முடியுமா சார்?"

அவர் படங்களை உறையில் போட்டார். "பாக்கலாம்" என்றார். டாக்டர் பாக்கலாம் என்று சொல்வது எனக்கு முதல்முறையாகப் பிடிக்காமல் போனது அன்றுதான்.

 செஞ்சி நெருங்கியபோது கோட்டை இருக்கும் ராஜகிரி மலை தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரே ஒரு தடவை ஏறியது. அப்புறம் ஏறவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அன்று அந்த மலையை யாரோ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தேவகி விசிலை எடுத்து பீரோ மேல், நான் எட்டமுடியாத இடத்தில் வைத்தாள். "உன் வேல போச்சின்னா நீ இன்னா ஆவேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் வெட்கத்தில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. மூன்றாம் மாத முடிவில் பாதி எடை, பிறகு முழு எடை. பிசியோதெரபி (பயிற்சியால் மூட்டைப் பழக்குவது) சொல்லிக்கொடுத்த பெண், கால் கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் எழுத்து எழுதச் சொன்னார். நாற்பத்தாறு வயதில் அனா ஆவன்னா எழுதினேன். ட, ப எல்லாம் வந்தது. ழ மட்டும் வரவில்லை, சுழிப்பதற்குப் பாதம் பக்கவாட்டில் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் வாயாலேயே அந்த எழுத்தை ஒழுங்காகச் சொல்வதில்லை, கால் சொல்லாததில் என்ன குறை என்றேன். அந்தப் பெண் சிரித்தார், ஆனால் மறுபடி எழுதச் சொன்னார்.

பத்தாம் மாதம் டாக்டர், "எலும்பு கூடிடுச்சு. வண்டியில நிக்க முடியுமான்னு நீங்கதான் சொல்லணும். அதுப்படி எழுதித் தரேன்" என்றார். முடியாது என்றால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுதும் வேலை. முடியும் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். யாரும் சோதிக்கப் போவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலை அண்ணனின் வண்டியில் பனமலைக்கு டிக்கெட் எடுத்தேன். தேவகியும் வந்தாள். கிளம்பும்போது என் சட்டைப் பையில் எதையோ போட்டாள். தொட்டுப் பார்த்தேன், விசில். 

அனந்தபுரம்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் கூட்டம் குறைந்தது. கையை எடுத்தேன். நேர் ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. தெம்பு வந்தது. அடுத்து இடது பக்கம் ஒரு திருப்பம். எனக்கு நன்றாகத் தெரிந்த திருப்பம். முன்பெல்லாம் வண்டி திரும்புவதற்கு முன்பே கால் திரும்பிவிடும். இந்த முறை வண்டி திரும்பி, இடுப்பு சாய்ந்து, அதற்குப் பிறகுதான் குதிகாலுக்குச் செய்தி போனது. ஒரு சீட்டின் முதுகில் போய் இடித்தேன். அதில் ஒரு அம்மா குழந்தையை மடியில் வைத்திருந்தார். என் முழங்கை குழந்தையின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன்.

தேவகி பக்கத்து இடத்தைத் தட்டினாள். "ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "டைம் கீப்பர்னே எழுதித் தரச் சொல்றேன்" என்றேன்.  அவள் என் முழங்கையைத் தேய்த்துவிட்டாள்.

பனமலையில் தேவகி முதலில் இறங்கினாள். அடுத்து நான் இறங்கவேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்பது பிசியோதெரபியில் சொல்லித் தந்த விதி. படியில் நின்று, கம்பியைப் பிடித்து, இடது காலை இறக்கித் தரையில் வைத்தேன். வைத்த உடனே எனக்குப் பின்னால் புது கண்டக்டரின் விசில் கேட்டது, இரண்டு முறை. அவர்மேல் தப்பில்லை. நானும் பத்தொன்பது வருடம் அந்த நொடியில்தான் ஊதினேன். ஒரு கால் தரையைத் தொட்டால் ஆள் இறங்கியாயிற்று. இன்னொரு கால் எங்கே இருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டி நகரவில்லை. ஏழுமலை அண்ணன் பக்கக் கண்ணாடியில் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்த காலில் மெதுவாக ஊன்றினேன். தரை கொஞ்சம் சரிவாக இருந்தது. குதிகால் யோசித்தது. காத்திருந்தேன், அதை அவசரப்படுத்தவில்லை. பிறகு தாங்கியது. வலது காலையும் இறக்கினேன். கீழே நின்ற தேவகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சட்டைப் பையில் விசில் இருந்தது. எடுக்கவில்லை. பஸ்ஸின் பக்கத்தகரத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"ரைட், போலாம்."