சூடு உறைக்காத கை

வாசலில் யாரோ கைதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இடலினா திரும்பவில்லை. பாகு பதம் தாண்டும் நேரத்தில் ஆண்டவனே வாசலில் நின்று தட்டினாலும் அவள் திரும்ப மாட்டாள்.

"உள்ளே வாங்க! நான் நகர்ந்தா இவ கோவிச்சுக்குவா!"

'இவ' என்றால் அடுப்பில் பாகு கொதிக்கும் கொப்பரை. அதைத் திட்டுவாள், கொஞ்சுவாள். வெள்ளிக்கிழமைகளில் வெள்ளை உடைதான். அதில் ஒரு சொட்டுப் பாகு பட்டு யாரும் பார்த்ததில்லை. சாந்தோ அமாரோ ஊரில் அவளுடைய தேங்காய்க் கொக்காடா மிட்டாய்க்கு இருக்கும் பெயர் பாதி ருசிக்கு, பாதி அவள் கைக்கு. கொதிக்கிற பாகை வெறும் விரல்களால் அள்ளிப் பலகையில் வைப்பாள்.

"சுடலையா இடலினா?" என்பார்கள்.

"நெருப்புக்குத்தான் என்னைக் கண்டா பயம்!"

தெருவே சிரிக்கும். கணவர் பொனிஃபாசியோ செதுக்கித் தந்த மரக்கரண்டி ஆணியில் தொங்குகிறது. "வீட்டோட மாப்பிள்ளை மாதிரி அது பாட்டுக்குத் தொங்கட்டும்" என்பாள். கொல்லைக் கற்றாழையின் மடல்கள் ஏன் எப்போதும் ஒடிந்தே இருக்கின்றன என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

வந்தவள், ஊரார் 'தோனா' என்று மரியாதையாக அழைக்கும் எலோயிசா. ஊருக்கு வெளியே பாழடைந்து கிடக்கும் கரும்பாலை அவள் குடும்பத்துடையது. பழுதுபார்த்து, ஊரார் பார்க்கத் திறக்கப் போகிறாள். வாசலில் ஒரு கடை தருவதாகச் சொல்லியிருந்தாள். மிட்டாய்த் தட்டைத் தலையில் சுமந்து வெயிலில் அலைந்து முழங்கால் தேய்ந்துபோன இடலினாவுக்கு, கனவில்கூட அந்தக் கடையின் நிழல்தான்.

"கடை உனக்குத்தான். வர்றவங்க முன்னாடி இப்படி வெறுங்கையால அள்ளிக் காட்டணும், அவ்வளவுதான். பக்கத்துல எங்க கொள்ளுத்தாத்தா சொன்னதைப் பலகையில எழுதி வைக்கிறேன்."

"என்ன சொன்னாரு?"

"கறுப்பு ஜனங்களுக்குச் சூடு உறைக்காத தோலைக் கடவுளே குடுத்திருக்காரு, அதனால அடிமைங்களைக் கொப்பரை முன்னாடி நிறுத்துறது பாவமில்லைன்னு. பாதிரியாரும் ஆமான்னாராம். எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. உன் கையைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்."

அவள் குரலில் வன்மம் இல்லை, பாராட்டுத்தான் இருந்தது.

மூலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பொனிஃபாசியோவின் கை நின்றது.

அந்த ஆலையின் கொப்பரைகள் முன்னால் வெந்தவர்கள் இடலினாவின் முன்னோர்கள். அவர்களும் கங்காணியின் எதிரில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அந்த மௌனத்தைத்தான் தோலின் தடிப்பு என்று எழுதிக்கொண்டு, எலோயிசாவின் வீட்டார் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

இடலினா எப்போதும்போல் பாகை அள்ளினாள்.

"ஐயோ! சுடுதே! கடவுளே, சுடுதே!"

தெருவரை கேட்டது. கையைத் தண்ணீர்ப் பானைக்குள் விட்டாள். எத்தனையோ வருடங்களாக அடக்கி வைத்த கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"என்ன இது, புதுசா?" என்றாள் எலோயிசா.

"புதுசு இல்ல தோனா எலோயிசா. தினமும் சுடுது. வாயைத் திறந்து சொன்னதில்ல, அவ்வளவுதான். உங்க கொப்பரை முன்னாடி நின்னவங்களுக்கும் சுட்டிருக்கும்."

"சரி, பலகை விஷயத்தை அப்புறம் பேசலாம்..."

"பலகை இருந்தா நான் இல்ல."

"அப்போ கடை வேண்டாமா?"

"வேணும். ஆனா என் கையை உங்க கொள்ளுத்தாத்தாவுக்குச் சாட்சியா வச்சு வேண்டாம்."

எலோயிசா குடையை எடுத்துக்கொண்டாள். அதை விரித்தபடி படியிறங்கினாள். பொனிஃபாசியோ கற்றாழை ஒடிக்கக் கொல்லைக்கு ஓடினார்.

இடலினா ஆணியிலிருந்து மரக்கரண்டியை எடுத்து, இனிமேல் பாகை அள்ளுவதற்காக, கொப்பரையில் போட்டாள். பிறகு முன்னறைக்கு வந்து, எரிகிற கையை, தெருவே பார்க்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்; அதன்பின் முழங்கையால் கதவைச் சாத்தினாள்.