தம்போய் தோபிக் கடையில் அப்பாவோடு பேசிய திங்கட்கிழமைகள்

தம்போயில் துணி துவைத்து அயர்ன் பண்ணித் தரும் தோபிக் கடை வைத்திருந்த ஆன்ட்டி போய்விட்டார்.

இன்று காலை. ஹார்ட் அட்டாக். அவருடைய மகள் மெசேஜ் அனுப்பியிருந்தார். பக்கத்து ஊரான கூலாயில், ஆபிஸ் கார் பார்க்கில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்...

இங்கே பலருக்குத் தெரியாது. டிகிரி முடித்ததும் நான் வேலைக்குப் போகவில்லை. மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்குப் போனேன், ஒன்றரை வருடம். அதில் பெரும்பகுதி ஜொகூர் பாருவில், தம்போய் பக்கம்தான்.

எனக்குச் சொந்த ஊர் வடக்கே பேராக், இங்கிருந்து பாதி நாள் பஸ் பயணம். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. "வீடு வீடா கதவு தட்டவா உன்னைய படிக்க வச்சேன்" என்று கேட்ட அப்பா, நான் பஸ் ஏறிய நாளிலிருந்து என்னோடு பேசவில்லை.

செவ்வாய் முதல் ஞாயிறு வரை நீளப் பாவாடை, பெயர் எழுதிய கறுப்பு பேட்ஜ், வெயில், பஸ், பிளாட் படிக்கட்டு. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். என் ஜோடி ஒரு பிலிப்பைன்ஸ் பெண், யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவாள். நான் பெல்லை அழுத்திவிட்டு, யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு நிற்பேன்.

திங்கட்கிழமை மட்டும் எங்களுக்கு. துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்குப் போன் பண்ண.

அப்படித்தான் ஆன்ட்டி கடைக்குப் போனோம். சுவரில் மாரியம்மன் படம், கீழே சுற்றிக்கொண்டே இருக்கும் மெஷின்கள், அயர்ன் மேசைக்குப் பின்னால் ஆன்ட்டி.

முதல் நாளே என் பேட்ஜைக் குனிந்து படித்தார். "சிஸ்டர் முனியாண்டி... யாரும்மா அது முனியாண்டி?"

"அப்பா பேரு ஆன்ட்டி." நமக்கு அப்பா பெயர்தானே குடும்பப் பெயர். ஊழியத்தில் எல்லாரையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

"நல்லா இருக்கு போ. இனிமே நீ எனக்கு முனியாண்டிதான்."

அப்புறம் அவரே சொல்லிவிட்டார். "சாமி பேச்சு என்கிட்ட வேணாம்மா. எனக்கு ஆத்தா இருக்கா. அழுக்குத் துணி இருந்தா கொண்டா." எங்கள் சபையில் டீ குடிக்கக் கூடாது என்று தெரிந்தபோதுதான் உண்மையிலேயே அதிர்ந்து போனார். "டீ குடிக்காத தமிழச்சிய இப்பதான்லா பாக்குறேன்." அடுத்த வாரத்திலிருந்து பார்லி தண்ணீர்.

துணி சுற்றும் நேரத்தில் வீட்டுக்கு வீடியோ கால் போடுவேன். அம்மா முகம் தெரியும். பக்கத்தில் சாரோங் கைலி கட்டிய ஒரு முட்டி தெரியும்.

"அப்பா எங்கம்மா?" என்று கேட்பேன். "வெளிய போயிருக்காரு" என்பார் அம்மா, அந்த முட்டியைப் பார்க்காமல்.

ஆன்ட்டி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். "பேட்ஜ்ல அப்பா பேரு, போன்ல அப்பா முட்டி. நல்ல குடும்பம்."

சிரித்துவிட்டு, பிறகு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை. போனில் அம்மா, முட்டி, எல்லாம் வழக்கம்போல. பின்னாலிருந்து ஆன்ட்டி சத்தம் போட்டார். "முனியாண்டி, பாவாடை காஞ்சிருச்சு, வந்து எடு."

முட்டி அசைந்தது. அப்பாவின் முகம் மொத்தமாகத் திரைக்குள் வந்தது. "யாரு என்னைய கூப்புடுறது?"

ஆன்ட்டி அயர்ன் பெட்டியை வைத்துவிட்டு வந்தார். "உங்கள இல்லண்ணே. உங்க மவள. இந்த ஊர்ல அவளுக்கு அதான் பேரு."

அப்பா திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். "எல்லாருமா அப்படிக் கூப்புடுறாங்க?"

"எல்லாருந்தான். பக்கத்துக் கடை சீனப்புள்ளகூட."

அப்பா என்னைப் பார்க்காமல் ஆன்ட்டியிடம்: "சாப்டாளான்னு கேளுங்க."

"சாப்டியான்னு கேக்குறாரு."

"சாப்டேன்னு சொல்லுங்க ஆன்ட்டி."

"சாப்டாளாம்ணே. ஆனா மூஞ்சப் பாத்தா அப்படித் தெரியல."

அதற்குப் பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் இப்படித்தான். அப்பா ஆன்ட்டியைக் கேட்பார், ஆன்ட்டி என்னைக் கேட்பார். எல்லாருக்கும் எல்லாமே காதில் விழும், ஆனாலும் ஆன்ட்டி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வார். என் ஜோடிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நாடகம் பார்ப்பதுபோல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசித் திங்கட்கிழமை. அப்பா அன்று தானே போனைப் பிடித்திருந்தார். "அந்தம்மாவக் கூப்புடு" என்று எனக்குக் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்.

ஆன்ட்டி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "அலமாக், சட்டை கருகுது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

அயர்ன் பெட்டி மேசை மேல்தான் இருந்தது. அதன் பிளக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

நானும் அப்பாவும் காத்திருந்தோம்.

"அந்தம்மா எங்க?"

"பின்னாடி போயிருக்காங்கப்பா."

"வருவாங்களா?"

"தெரியலப்பா..."

மெஷின் சுற்றும் சத்தம் மட்டும். அப்பா தொண்டையைச் செருமினார். "சரி... நீ சாப்டியா?"

ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆன்ட்டி பார்லி கிளாஸோடு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "பாவாடையெல்லாம் மடிச்சாச்சா?" என்றார், அவ்வளவுதான்.

ஊழியம் முடிந்து, ஜொகூரிலேயே வேலை கிடைத்து, கூலாய்க்கு வந்த பிறகும் கடைக்குப் போவேன். ஆன்ட்டி கடைசிவரை எங்கள் சபைப் பக்கம் வரவே இல்லை. கடைசிவரை என்னை முனியாண்டி என்றுதான் கூப்பிட்டார். அப்பா போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டு "அந்தம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்பார். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

மதியம் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"எப்ப எடுக்குறாங்க?"

"நாளைக்குப்பா."

"பஸ் இருக்குல்ல... நான் வர்றேன். அந்தம்மாகிட்ட சொல்லிரு."

வைத்துவிட்டார்.

ஆன்ட்டி... அப்பா கிளம்பிட்டாராம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு.