ருசி பார்க்காத பார்மேன்

பாருக்குப் பின்னால் நிற்கிறவனை ஊர் குடிகாரன் என்று நினைக்கும். அவன் குடிப்பதில்லை என்று தெரிந்தால் மனேஜர் சந்தேகமாகப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சக பாவிகள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நோன்பு பிடித்துக்கொண்டு, ருசி பார்க்காமலே வட்டிலப்பம் என்ற இனிப்பைச் செய்கிறவர்களும் வரலாம், உங்கள் கஷ்டமும் இதேதான்.

கற்பூரம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் போன வீடு செங்கலடியில். மாமா கோவில் வண்ணக்கர். கோவில் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. பெண் தருவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்தி, குடிவகை என் நாக்கில் படாது என்று சொல்லி அதை உள்ளங்கையால் அணைக்கச் சொன்னார். அணைத்தேன். அப்போது நான் வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் ஜூஸ் அடிக்கிறவன், அதனால் சத்தியம் பெரிய பாரமாகத் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் பாரில் ஆள் குறைந்து, என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். மாமா மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள், சத்தியம் சத்தியம்தான் என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்.

பார் மனேஜர் போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர், எல்லாருக்கும் அவர் 'பொஸ்'. ஒருநாள் ஒரு கடதாசியை நீட்டினார். ரம், புதினா, தேசிக்காய்ப்புளி, சீனிப்பாணி, இரண்டு சொட்டுக் கசப்புச் சாறு. ஐஸோடு குலுக்கி வடித்து, மேலே நுரைக்கிற வைன். இரண்டு கிழமையில் வரப்போகும் வெளிநாட்டுக் கூட்டம் கேட்டிருப்பது இதைத்தான். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். கடதாசியை மூன்று தரம் வாசித்தேன். பொஸ் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல எனக்குச் செஞ்சு காட்டு. சரியா வந்தா பார் உனக்கு. பிழைச்சா மறுகாவும் ஜூஸுக்குப் பப்பாசி வெட்டுறதுதான், மகன்."

உரல்

பழகிப் பார்க்க வீடுதான் இடம், ஆனால் வண்ணக்கர் வீட்டுக்குள் ரம் போத்தலோடு நுழைய முடியாது. ஆகவே ரம்முக்குக் கடும் சாயத் தேத்தண்ணி, வைனுக்கு ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிச் சோடா, கசப்புக்கு வெந்தயம் ஊறின தண்ணீர் என்று முடிவெடுத்தேன். பௌர்ணமிப் போயாவுக்கு நாடெங்கும் பார் பூட்டு. அன்று காலையே குசினியில் இறங்கிவிட்டேன்.

புதினா என்றால் நமக்குத் தெரிந்தது சம்பல்தானே. கை தன்பாட்டில் உரலுக்குப் போய்விட்டது. மசிய மசிய இடித்துக் கலந்தால், கிளாஸில் குளத்துப்பாசி மாதிரி ஒன்று மிதந்தது. கசப்பும் தாங்க முடியவில்லை. இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், வாசம் வந்துவிடும் என்பது நாலு கட்டுப் புதினா நாசமான பிறகுதான் பிடிபட்டது. என் மனைவி சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். "இஞ்சாருங்க, கொஞ்சம் தேங்காப்பூவும் உப்பும் போட்டா பிட்டுக்கு நல்லா இரிக்கும்."

வெள்ளை வேட்டி

குலுக்குகிற பாத்திரத்துக்கு வீட்டில் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல். வைனைக் கடைசியில் மேலே ஊற்றவேண்டும் என்று கடதாசியில் தெளிவாக இருந்தது. ஆனால் ஜூஸ்காரனின் கை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்துப் பழகின கை. ஜிஞ்சர் பியரையும் உள்ளே விட்டு, மூடியை இறுக்கி, உயிரைக் கொடுத்துக் குலுக்கினேன்.

மாமா கோவிலுக்குப் புறப்பட்டு குசினி வழியாக வந்ததும், மூடி பறந்ததும் ஒரே நேரம். நெஞ்சிலிருந்து வேட்டிக் கரை வரைக்கும் மண்ணிறத் தண்ணீர் வடிந்தது. பார்க்கிறவன் எவனும் அதைச் சாராயம் என்றுதான் சொல்வான். பார் வேலை போனால் பப்பாசி வெட்டலாம், இந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னால் எங்கே போவது? மாமா நெஞ்சில் விரலைத் தொட்டார். மணந்து பார்த்தார். பிறகு நாக்கில் வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டு நான் அந்த முகத்தையே பார்த்தேன். "தேத்தண்ணி" என்றார். இன்னொரு தரம் தொட்டு வைத்தார். "மருமகன், சீனி காணாது."

அஞ்சு மணி வாடிக்கை

அன்றிலிருந்து நான் பகல் வேலை முடித்து வரும் பின்னேரம் அஞ்சு மணிக்கு மாமா என் தேத்தண்ணிக்காகக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காரத் தொடங்கினார். வெளிநாட்டுக்காரன்கூடப் பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு வைத்துவிட்டுப் போவான். இவர் கிளாஸைத் திருப்பி அனுப்பினார். ஒருநாள் மூன்று தரம்.

ஆனால் ஒன்று, அவர் முகம் பொய் சொல்லாது. புளி கூடினால் இடது கண் சுருங்கும். இனிப்புக் கூடினால் கிளாஸை எட்டப் பிடிப்பார். சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்காது, கிளாஸ் மட்டும் வெறுமையாகும். நான் கண்ணளவை விட்டுவிட்டு, இருமல் மருந்துப் போத்தலின் மூடியால் அளக்கத் தொடங்கியதும் அவரால்தான். கோவில் கணக்கப்பிள்ளை முன்னால் வைத்தே என் கிளாஸைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நேத்தையான் நல்லம். இது நேத்தையான் இல்ல."

கோடு

பரீட்சை நாள் வந்தது. பொஸ் முன்னால் உண்மையான ரம்மை அளந்து, புதினாவைத் தட்டி, குலுக்கி, வடித்து, வைனை மேலே விட்டேன். நுரை அழகாக ஏறியது. பொஸ் ஒரு ஸ்ட்ரோவை நீட்டி, முதலில் நீ ருசி பார் என்றார். கற்பூரக் கதையைச் சொன்னேன். கறிச்சட்டியைத் தொடமாட்டேன் என்று சொன்ன சமையல்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தானே ஒரு வாய் குடித்தார். இடது கண் சுருங்கியது.

சுகந்தியின் முகம் வந்துபோனது. ஆனால் அந்தச் சுருங்கல் எனக்கு நன்றாகப் பழக்கமான சுருங்கல். ஜிஞ்சர் பியரில் சீனி இருந்தது, இந்த வைனில் இல்லை, இதை யோசிக்காமல் விட்டுவிட்டேனே. இன்னொன்று செய்கிறேன் பொஸ் என்று கெஞ்சி, அரை மூடி பாணி கூட்டி மறுபடி குலுக்கினேன். குடித்தார். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கிளாஸ் வெறுமையானது.

அவர் ரம் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நேத்துப் பூட்டக்க பேனையால கோடு போட்டனான். இந்த ரெண்டு கிளாஸுக்கு மேல ஒரு சொட்டும் குறையல்ல. இருபது வருஷத்தில இப்பதான் இதப் பாக்கிறன். நாளைக்கு வந்து நியமனக் கடிதத்த வாங்கு."

ஐஸ்

செங்கலடி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை. சுகந்தி கேட்டுவிட்டு அழுதாள், பிறகு சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. மணி அஞ்சரை. மாமா கதிரையில் இருந்தார், பிந்தினதில் முகம் கொஞ்சம் கடுப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ட்ரோ கதையையும் ஒளிக்கவில்லை. கற்பூரம் அணைத்த என் உள்ளங்கையைப் பார்த்தார். "நாக்கில படல்லதானே? அப்ப சரி. ஐஸ் இரிக்கா?"

இப்போது வாவிக்கரையில் நான் ஊற்றுகிற ரம்முக்குக் குறை சொல்ல ஆளே இல்லை, செங்கலடியில் ஊற்றுகிற தேத்தண்ணிதான் இன்னமும் வாரத்துக்கு இரண்டு தரம் திரும்பி வருகிறது.